கொட்டைமுத்தும் பெக்-40-ம்: ஒரு பதிலின் திருத்தம்

வங்கிப் பேரேட்டில் தவறான பதிவு விழுந்துவிட்டால் அதை அழிக்கக் கூடாது. கோடு போட்டு அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முப்பத்து நான்கு ஆண்டு அந்தப் பழக்கத்தில் இருந்தவன் நான். ஓய்வு பெற்று வயலுக்கு வந்தபிறகும் அது விடவில்லை. நம் மாதக் கூட்டத்தில் ஒரே கேள்விக்கு நான் சொன்ன இரண்டு பதில்களும் தவறு. இரண்டையும் அடித்துவிட்டு மூன்றாவதை எழுதத்தான் இந்தக் கட்டுரை.

கேள்வி கேட்டவர் எங்கள் பக்கத்து ஊர்ச் சகோதரி. மகளிர் குழுவில் நாலைந்து பேர் சேர்ந்து குளியல் பொடி, சோப்பு, வெட்டிவேர் முகநீர் செய்கிறார்கள். அன்று ஒரு சின்னப் பாட்டிலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"மேனேஜர் சார், வெட்டிவேர் தைலம் தண்ணியில கலக்கவே மாட்டேங்குது. மேலயே மிதக்குது. இதைக் கொஞ்சம் விட்டா கரைஞ்சிடும்னு கடைக்காரர் குடுத்தார். விடலாமா? விட்டா இயற்கைன்னு லேபிள்ல போடலாமா?"

மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் படித்தேன். 'பெக்-40 ஹைட்ரஜனேட்டட் கேஸ்டர் ஆயில்' என்று இருந்தது. முன்னால் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கடைசி இரண்டு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

"கேஸ்டர் ஆயில்னா நம்ம விளக்கெண்ணெய்தானம்மா. நம்ம வரப்புல விளையற சாமான். தாராளமா போடுங்க" என்றேன்.

இது முதல் தவறு.

இரண்டாவது தவறு

நாலு மாதம் கழித்து என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சை முடிந்து கீமோ தொடங்கினார்கள். ஒரு கட்டத்தில் பாக்லிடாக்சல் என்ற மருந்து. நரம்பில் ஏற்றுவதற்கு முன்பு அலர்ஜி வராமலிருக்க வேறு ஊசிகளும் போட்டார்கள். அப்படியும் மருந்து இறங்க ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம் முகமெல்லாம் சிவந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, மூச்சு முட்டுது" என்றாள். செவிலியர் உடனே நிறுத்திவிட்டார். மாற்று ஊசி போட்டு, ஆக்சிஜன் வைத்து, அரைமணியில் சரியாகிவிட்டது. அந்த அரைமணியை நான் எழுதப்போவதில்லை.

பிறகு மருத்துவர் விளக்கினார். "இந்த மருந்து தண்ணியில கரையாது சார். அதனால ஒரு திரவத்தில கரைச்சுத்தான் ஏத்தறோம். அலர்ஜி வந்தா மருந்தைவிட அந்தத் திரவத்தின் மேலதான் எங்களுக்குச் சந்தேகம் அதிகம். அது ஆமணக்கு எண்ணெயில இருந்து செய்யறது. கிரெமோஃபோர்னு பேரு."

ஆமணக்கு என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குத் திக்கென்றது. வீட்டுக்கு வந்த மறுநாள், மனைவி தன் முகக் கிரீம் டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினாள். பின்பக்கத்தில் அதே சொல்: பெக்-40 ஹைட்ரஜனேட்டட் கேஸ்டர் ஆயில். "மூச்சை அடைச்ச சாமான் இதுலயும் இருக்குதுங்க. இத்தனை வருஷம் மூஞ்சியில பூசிக்கிட்டிருந்திருக்கேன்" என்றாள். டப்பா குப்பைக்குப் போயிற்று.

அன்று இரவே அந்தச் சகோதரிக்குப் போன் போட்டேன். "அதைத் தொடாதீங்கம்மா. விஷம் மாதிரி. செஞ்சு வெச்சதையும் கொட்டிடுங்க" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. முப்பது பாட்டில் முகநீரை வாய்க்காலில்கூட விடாமல் குழி வெட்டிக் கொட்டியிருக்கிறார். குழுக் கடனில் வாங்கிய தைலம் அது.

இரண்டு தடவையும் நான் விஷயம் தெரிந்து பேசவில்லை. முதலில் ஆமணக்கு என்ற பெயரின் மேல் இருந்த பாசத்தில் பேசினேன். அடுத்து பயத்தில் பேசினேன். அதன் பிறகுதான் படிக்க உட்கார்ந்தேன். மருத்துவரிடமும், பழக்கமான ஒரு வேதியியல் பேராசிரியரிடமும் சலிக்காமல் கேட்டேன். தெரிந்துகொண்டதை நம் வாசகர்களுக்குச் சொல்கிறேன்.

நமக்குத் தெரிந்த ஆமணக்கு

டெல்டாவில் ஆமணக்கைத் தனிப்பயிராக யாரும் பெரிதாகப் போடுவதில்லை. களிமண்ணில் தண்ணீர் கட்டினால் செடி நிற்காது. ஆனால் மேடான வரப்பில் நன்றாக வரும். என் நிலத்தில் உளுந்து வயலைச் சுற்றி வரப்பில் கொட்டைமுத்து நட்டிருக்கிறேன். புரோடீனியா அந்துப்பூச்சி உளுந்தைவிட ஆமணக்கு இலையைத் தேடிப் போய்த்தான் குவியலாக முட்டையிடும். காலையில் ஒரு சுற்று வந்து அந்த இலைகளைக் கிள்ளிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மருந்துச் செலவில்லாத பாதுகாப்பு.

எண்ணெயும் நமக்குப் பழக்கமானதுதான். அம்மா கொட்டைமுத்தை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்க வைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை அகப்பையால் வழித்தெடுப்பார். வெடித்த குதிகாலுக்கு அதைத்தான் மஞ்சள் குழைத்துப் பூசுவோம். துவரம்பருப்பில் வண்டு விழாமலிருக்கப் பிசறி வைப்போம். மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியோடு குழைத்து மசகு போட்டதும் இதே எண்ணெய்தான்.

உலகச் சந்தைக்கு வரும் ஆமணக்கில் பெரும்பகுதி இந்தியாவில் விளைகிறது. அதிலும் குஜராத்தான் முதலிடம். தமிழ்நாட்டில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒய்.ஆர்.சி.ஹெச்-1 என்ற வீரிய ஒட்டு ஆமணக்கு அங்கே வந்ததுதான்.

ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அது ஒரு புரதம். எண்ணெயில் கரையாது. பிழிந்தபின் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். அதனால்தான் ஆமணக்குப் புண்ணாக்கு வயலுக்கு நல்ல உரமாக இருந்தும், மாட்டுத் தொட்டி பக்கம் அதை வைக்கக் கூடாது என்கிறோம். காய்ச்சிய எண்ணெயில் அந்த நஞ்சுக்கு வேலையில்லை. கிரீமில் உள்ள ஆமணக்குப் பொருளைப் பார்த்து ரிசின் பயம் கொள்ளத் தேவையில்லை.

தொழிற்சாலைகள் இந்த எண்ணெயைத் தேடி வருவதற்குக் காரணம் ரிசினோலிக் அமிலம். ஆமணக்கு எண்ணெயின் கொழுப்பமிலங்களில் 85 முதல் 90 சதவீதம் அதுதான். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய்க்கு இல்லாத ஒரு வசதி இதற்கு உண்டு: ரிசினோலிக் அமிலச் சங்கிலி ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு 'கொக்கி' இருக்கிறது. வேதியியலில் ஹைட்ராக்சில் தொகுதி என்பார்கள். அந்தக் கொக்கியில் வேறு பொருளை மாட்டலாம். கந்தக அமிலத்தை மாட்டி, தண்ணீரில் கலக்கும் டர்க்கி ரெட் ஆயிலைச் சாயப்பட்டறைகளுக்காக 19-ம் நூற்றாண்டிலேயே செய்துவிட்டார்கள். பெக்-40-ம் அந்தக் கொக்கியை நம்பிப் பிறந்ததுதான்.

பெக்-40 எப்படிப் பிறக்கிறது?

முதல் படி, எண்ணெய்க்குள் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்துவது. நிக்கல் வினையூக்கி வைத்துச் செய்வார்கள். திரவமாக இருந்த எண்ணெய் மெழுகுபோலக் கெட்டியாகும். வனஸ்பதி செய்கிற அதே முறை. இதுதான் ஹைட்ரஜனேட்டட் கேஸ்டர் ஆயில். சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது.

இரண்டாம் படியில்தான் 'பெக்' வருகிறது. அந்த மெழுகை உருக்கி, அழுத்தத்தில் எத்திலீன் ஆக்சைடு என்ற வாயுவோடு வினைபுரிய வைப்பார்கள். வாயு மூலக்கூறுகள் கொக்கியில் ஒன்றன்பின் ஒன்றாக, பூச்சரம் தொடுப்பதுபோலக் கோத்துக்கொள்ளும். இப்படிக் கோத்த சங்கிலிக்குத்தான் பாலிமர் என்று பெயர். இந்தச் சங்கிலி பாலிஎத்திலீன் கிளைக்கால். அதன் சுருக்கம்தான் பெக். ஒரு எண்ணெய் மூலக்கூறுக்குச் சராசரியாக 40 மணி கோத்திருந்தால் பெக்-40.

இனி ஒரு சின்னக் கணக்கு. பழைய தொழில் ஆசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹைட்ரஜன் ஏற்றிய ஆமணக்கு எண்ணெயின் மூலக்கூறு எடை சுமார் 939. எத்திலீன் ஆக்சைடு ஒன்றின் எடை 44. நாற்பது சேர்ந்தால் 1760. மொத்தம் 2699. அதில் 1760 என்பது நூற்றுக்கு 65. ஆக, லேபிளில் 'கேஸ்டர் ஆயில்' என்று முடிகிற இந்தப் பொருளில் ஆமணக்கின் பங்கு மூன்றில் ஒன்றுதான். மீதி இரண்டு பங்கு தொழிற்சாலை வாயு.

அந்த வாயு பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வருகிறது. எப்போதும் அப்படித்தான் என்றும் இல்லை. உத்தரகண்ட் மாநிலம் காசிப்பூரில் இந்தியா கிளைக்கால்ஸ் ஆலை, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து கிடைக்கும் எரிசாராயத்தில் எத்திலீன் ஆக்சைடு செய்கிறது. கரும்பிலிருந்து வந்தாலும் கச்சா எண்ணெயிலிருந்து வந்தாலும் வாயு ஒன்றுதான். அதன் குணமும் ஒன்றுதான். 'தாவர மூலம்' என்ற சொல்லை மட்டும் வைத்து ஒரு பொருளை எடை போட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இதற்கு என்ன வேலை?

வேப்பெண்ணெய் தெளித்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. டேங்க்கில் தண்ணீர் ஊற்றி வேப்பெண்ணெயை அப்படியே விட்டால் மேலே படலம் கட்டும். காதி சோப்புக் கரைசல் சேர்த்துக் கலக்கினால் பாலாக மாறிவிடும். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். பேசாத இரண்டு பங்காளிகளைக் கைபிடித்து ஒரே பந்தியில் உட்கார வைக்கிற பெரியவர் மாதிரி.

பெக்-40-ம் அதே வேலைதான். ஆமணக்குப் பகுதி எண்ணெயைப் பிடிக்கும். பெக் சங்கிலி தண்ணீரைப் பிடிக்கும். சோப்பைவிடத் தோலுக்கு மென்மையானது. தைலத்தைத் தண்ணீரில் கலங்கல் தெரியாமல் தெளிவாகவே கரைத்துவிடும். அதனால்தான் முகநீர், மேக்கப் துடைக்கும் நீர், வாசனை ஸ்ப்ரே, முகம் கழுவும் திரவம், தலைமுடி சீரம், குழந்தைகளுக்கான துடைப்பான்கள் என்று பலவற்றில் இது இருக்கிறது. சந்தனம், ரோஜா, துளசி என்று படம் போட்ட பாட்டிலிலும் இருக்கும். ஒரு பங்கு தைலத்துக்குப் பொதுவாக மூன்று முதல் ஐந்து பங்கு இது தேவைப்படும் என்றார் பேராசிரியர். 'கொஞ்சம் விட்டால் போதும்' என்று கடைக்காரர் சொன்னதும் சரியில்லை.

நாமும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தண்ணீரில் ஊற்றியதும் பாலாகக் கரையும் பூச்சிவிரட்டித் திரவங்கள் பலவற்றில், ஆமணக்கு எண்ணெயில் எத்திலீன் ஆக்சைடு கோத்த இதே குடும்பப் பொருள்கள் பால்மமாக்கியாகச் சேர்கின்றன. கடையில் வாங்கும் தயார்நிலை வேப்பெண்ணெயும் இதில் அடங்கும். முகத்துக்குக் கூடாது என்று கூச்சல் போட்ட நான், தோளில் சுமந்த டேங்க்கில் என்ன இருந்தது என்று கேட்டதே கிடையாது.

அப்படியானால் பாதுகாப்பானதா?

என் மனைவியின் கேள்வி இதுதான். இதை நான்காகப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, ரத்தமும் தோலும் ஒன்றல்ல. மருந்தைக் கரைக்கும் கிரெமோஃபோர் இ.எல். என்பது ஹைட்ரஜன் ஏற்றாத ஆமணக்கு எண்ணெயில் 35 மணி கோத்தது. கிரீமில் இருப்பது ஹைட்ரஜன் ஏற்றி 40 மணி கோத்தது. ஒரே குடும்பம், வேறு பிள்ளைகள். அதைவிடப் பெரிய வேறுபாடு, அது நேராக ரத்தத்தில் பல மில்லிலிட்டர் இறங்குகிறது. இது தோலின் மேற்பரப்பில் துளியளவு நிற்கிறது. இவ்வளவு பெரிய மூலக்கூறு நல்ல தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போவது கடினம். மருத்துவர் சொன்னதைச் சொல்கிறேன்: "மோர் நல்லதுதானே சார், அதை நரம்பில ஏத்துவீங்களா?"

பாக்லிடாக்சலுக்கு அமெரிக்காவில் 1992-ல் அனுமதி கிடைத்தபோதே இந்த அலர்ஜி தெரிந்த விஷயம். அதனால்தான் முன்னெச்சரிக்கை ஊசிகள், மெதுவாக ஏற்றுவது எல்லாம். இந்தத் திரவமே இல்லாமல், அல்புமின் புரதத்தோடு கட்டிய பாக்லிடாக்சல் அங்கே 2005-ல் அனுமதி பெற்றது. என் மனைவிக்கும் அதற்கு மாற்றித்தான் சிகிச்சையை முடித்தார்கள்.

இரண்டாவது, தோலின்மேல் பூசுவதைப் பற்றிய ஆய்வு. அமெரிக்காவில் அழகுசாதனப் பொருள்களை மதிப்பிடும் நிபுணர் குழு 1997-ல் இந்தக் குடும்பத்தை ஆராய்ந்து, பெக்-40 ஹைட்ரஜனேட்டட் கேஸ்டர் ஆயில் அழகுசாதனப் பயன்பாட்டுக்குப் பாதுகாப்பானது என்று முடிவு சொன்னது. அந்தக் குழுவுக்கு நிதி தருவது அழகுசாதனத் தொழில்துறைதான் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆனால் நெடுங்காலமாக உலகெங்கும் புழங்கும் இந்தப் பொருளால் நல்ல தோலில் அலர்ஜி வருவது அரிது என்றுதான் மருத்துவரும் சொன்னார். அழகுசாதனங்களால் வரும் தோல் அலர்ஜிக்கு வாசனைப் பொருள்கள்தான் முக்கியக் காரணம். அதில் நம் இயற்கைத் தைலங்களும் சேர்த்தி. சிலருக்கு விளக்கெண்ணெயே ஒத்துக்கொள்ளாது; உதட்டுச்சாயத்தில் உள்ள ஆமணக்கு எண்ணெயால் உதடு வெடித்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் எழுதியிருக்கின்றன. 'இயற்கை' என்பது அலர்ஜிக்குத் தடையுத்தரவு ஆகாது.

மூன்றாவது, கவலைப்பட வேண்டிய இடம் வேறு. சங்கிலி கோக்கப் பயன்படும் எத்திலீன் ஆக்சைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. நமக்கு இது புதிய பெயர் அல்ல. 2020-ல் ஐரோப்பாவுக்குப் போன இந்திய எள்ளில் இதன் எச்சம் இருந்ததால்தான் சரக்குகள் நிறுத்தப்பட்டன. பெக் செய்யும்போது 1,4-டையாக்சேன் என்று ஒரு துணைப்பொருளும் உண்டாகும். அதை 'புற்றுநோய் உண்டாக்கக் கூடும்' என்ற பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

இரண்டையும் வெற்றிட முறையில் இழுத்து வெளியேற்ற முடியும். ஒழுங்கான ஆலை அதைச் செய்கிறது. 1,4-டையாக்சேன் பத்து லட்சத்தில் 10 பங்குக்குள் இருந்தால் பாதகமில்லை என்று ஐரோப்பிய நிபுணர் குழு 2015-ல் சொன்னது. நியூயார்க் மாநிலம் அழகுசாதனங்களுக்கு அதே 10 என்ற வரம்பை 2022 டிசம்பர் இறுதியிலிருந்து சட்டமாக்கியது. சிக்கல் என்னவென்றால், எச்சம் என்பது சேர்த்த பொருள் அல்ல. ஆகவே லேபிளில் வராது. நீங்களும் நானும் பாட்டிலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எந்த ஆலையில் செய்தது, சோதனை அறிக்கை உண்டா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. சகோதரி கொண்டுவந்த பாட்டிலில் பெரிய கேனிலிருந்து ஊற்றிய சரக்கு இருந்தது. தயாரித்தவர் பெயரும் இல்லை, தொகுதி எண்ணும் இல்லை. அன்றைக்கு நான் பார்த்திருக்க வேண்டியது அதைத்தான்.

நான்காவது, புண். தீக்காயத்தில் பெக் அடித்தளம் கொண்ட களிம்பைப் பரவலாகப் பூசிய நோயாளிகளுக்குச் சிறுநீரகம் பாதித்ததாக 1980-களில் மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. தோல் என்ற வேலி இல்லாத இடத்தில் எதுவும் உள்ளே போகும். ஆகவே தீக்காயம், ஆறாத புண், வெடித்து நீர் வடியும் படை ஆகியவற்றில் அழகுக் கிரீமை, அது மூலிகையே ஆனாலும், பூசக் கூடாது.

இயற்கை என்று லேபிள் போடலாமா?

இது சகோதரியின் இரண்டாவது கேள்வி. கூடாது என்பதுதான் என் பதில். காரணம் விஷம் என்பதல்ல. காஸ்மாஸ், நேட்ரூ போன்ற சர்வதேச இயற்கை அழகுசாதனத் தரச்சான்றுகள் எத்திலீன் ஆக்சைடு முறையில் செய்த பொருள்களை ஏற்பதில்லை. தோலைக் கெடுக்கும் என்பதால் மட்டுமல்ல, செய்கிற வழியையும் சேர்த்துப் பார்ப்பதால். நாமும் அப்படித்தானே? யூரியா போட்டு விளைந்த நெல் உண்பவரைக் கொன்றுவிடும் என்று சொல்லி நாம் இயற்கை வேளாண்மைக்கு வரவில்லை. மண்ணுக்கும் ஆலைத் தொழிலாளிக்கும் என்ன ஆகிறது என்பதையும் கேட்டதால் வந்தோம். ஆனால் 'இது என் வழி அல்ல' என்பதும், 'இது விஷம்' என்பதும் வேறுவேறு வாக்கியங்கள். இரண்டையும் குழப்பினால் முப்பது பாட்டில் குழிக்குள் போகும்.

முழுக்கத் தாவர மூலத்திலேயே ஆமணக்குப் பாலிமர் செய்யவும் வழி உண்டு. ரிசினோலிக் அமிலங்களை ஒன்றோடொன்று கோத்து, கிளிசரினோடு சேர்த்தால் பாலிகிளிசரால் பாலிரிசினோலியேட். இதில் எத்திலீன் ஆக்சைடு இல்லை. பேரப்பிள்ளைகள் தின்னும் சாக்லேட் உறையில் 476 என்று எண் இருக்கிறதா பாருங்கள், அது இதுதான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017-ல் இதை மறுபடி ஆராய்ந்து, நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 25 மில்லிகிராம் வரை உண்ணலாம் என்று முந்தைய வரம்பை உயர்த்தியது. கிரீம்களிலும் இதைச் சேர்க்கிறார்கள். ஆனால் இது எண்ணெய் மிகுந்த கெட்டிக் கிரீமுக்கு உதவும். முகநீரைத் தெளிவாக்க உதவாது.

வாசகர்கள் கவனிக்க

● லேபிளில் பொருள்கள் அளவு வரிசையில் இருக்கும். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவை இறங்குமுகமாகவும், அதற்குக் குறைவானவை எந்த வரிசையிலும் எழுதப்படும். படத்தில் பெரிதாக இருக்கும் மூலிகை, பட்டியலில் கடைசியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

● 'கேஸ்டர் ஆயில்' என்று தனியாக இருந்தால் விளக்கெண்ணெய். முன்னால் பெக், எண் என்று இருந்தால் அது வேறு பொருள். பயப்பட வேண்டாம், விளக்கெண்ணெய் என்று நினைத்து ஏமாறவும் வேண்டாம்.

● புதிய கிரீமை முழங்கையின் உள்பக்கம் சிறிது பூசி இரண்டு நாள் பாருங்கள். அரிப்பு, சிவப்பு வந்தால் விட்டுவிடுங்கள்.

● கீமோ ஊசியில் ஒவ்வாமை வந்தவர்கள், எந்த மருந்து, எந்தக் கரைப்பான் என்று எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே கரைப்பான் சைக்ளோஸ்போரின் ஊசி போன்ற வேறு மருந்துகளிலும் உண்டு. அடுத்த மருத்துவரிடம் முதல் வேலையாக அதைக் காட்டுங்கள். இப்படிப்பட்டவர்கள் கிரீம் விஷயத்திலும் தங்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். என் மனைவிக்கு, "மத்தவங்களுக்குப் பரவாயில்ல, உங்களுக்கு வேண்டாமே" என்றார் மருத்துவர். குப்பைக்குப் போன டப்பா சரியான காரணத்துக்காகப் போகவில்லை. ஆனால் போனது நல்லதுதான்.

● செய்து விற்பவர்களுக்கு: தண்ணீர் சேர்ந்த எந்தப் பொருளிலும் கிருமி வளரும். பெக்-40 தைலத்தைக் கரைக்கும், கெடாமல் காக்காது. வீட்டு முகநீரில் உண்மையான ஆபத்து இந்தக் கிருமிதான். அழகுசாதனம் செய்து விற்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமமும் வேண்டும். 2020-ம் ஆண்டு அழகுசாதன விதிகள் குழுக்களுக்கும் பொருந்தும்.

மூன்றாவது பதில்

இதையெல்லாம் எழுதி எடுத்துக்கொண்டு சகோதரியின் வீட்டுக்குப் போனேன். முப்பது பாட்டிலுக்கான பணத்தையும் ஒரு கவரில் வைத்திருந்தேன். திண்ணையில் உட்கார்ந்து முழுதும் கேட்டார். கோபப்படவில்லை. "அப்ப விஷமும் இல்ல, விளக்கெண்ணெயும் இல்ல. அப்படித்தானே சார்?" என்றார். நான் எட்டுப் பக்கம் எழுதியதை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இப்போது அவர்கள் முகநீர் செய்வதை நிறுத்திவைத்திருக்கிறார்கள். உரிமத்துக்கு விண்ணப்பிக்க என்னென்ன வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் காகித வேலை என் பொறுப்பு. கிடைத்தபின், தைலத்தைத் தண்ணீரில் கரைக்கும் வேலையே வேண்டாம் என்று முடிவு. தைலம் நல்லெண்ணெயில் தானாகவே கலக்கும். வெட்டிவேர் குளியல் எண்ணெயாகச் செய்தால் கரைப்பானும் தேவையில்லை, இயற்கை என்று கூசாமல் எழுதலாம்.

கவரை நீட்டினேன். வாங்கவில்லை. ரொம்பவும் வற்புறுத்தியபோது, "பணம் வேணாம் சார். உங்க வரப்புல நிக்குதே கொட்டைமுத்து, அதுல ரெண்டு படி விதை குடுங்க. தை மாசம் உளுந்து தெளிக்கிறதுக்கு முன்னாடியே வரப்புல ஊனிடறேன். போன வருஷம் எனக்குப் புழு தாங்க முடியல" என்றார்.

மறுநாள் காலை காய்ந்த குலைகளை அறுத்து வந்து களத்தில் போட்டேன். மனைவி ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து தோல் உடைத்துத் தந்தாள். தலைமுடி மறுபடி முளைத்து, சுருள் சுருளாக நிற்கிறது. "இந்தக் கொட்டைமுத்து மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்லைங்க" என்றாள். இரண்டு படி அளந்து, கூட ஒரு பிடி போட்டுக் கட்டிக் கொடுத்தாள்.